மழை பெய்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சொட்டுகிறதா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கடலோர ஊர்களில் பல வீடுகளில் ஒரே புகார்தான்: குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. எலக்ட்ரீஷியன் வந்தால் இது சுவர் வேலை என்பார். கொத்தனார் வந்தால் மேல்வீட்டுக் குழாயைக் காட்டுவார். பிளம்பர், ஃபேனை மாற்றிவிடுங்கள் என்பார். கடைசியில் யாராவது ஒருவர் சிலிக்கான் டியூப் வாங்கிவந்து, உள்பக்கமாக ஃபேன் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் சொட்டும்.

உள்பக்கம் பூசுவதால் ஏன் பயனில்லை என்று புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. எக்ஸாஸ்ட் ஃபேன் என்பது வெளிச்சுவரில் நாமே போட்டுக்கொண்ட ஓட்டை. மழைத்தண்ணீரை அந்த ஓட்டையின் வெளி விளிம்பிலேயே நிறுத்த வேண்டும். அதையும் மீறி நுழைந்த கொஞ்சநஞ்சம் திரும்ப வெளியே வடிய வழி இருக்க வேண்டும். மேலேயும் இரு பக்கமும் அடைப்பு, அடியில் வழி. உள்பக்கச் சிலிக்கான் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. தண்ணீர் தாராளமாகச் சுவருக்குள் நுழைகிறது. வெளியேற இடமில்லாமல் செங்கல்லில் ஊறுகிறது. சில நாள் கழித்து ஃபேனுக்கு ஓரடி கீழே பெயின்ட் உப்பிக்கொண்டு வருகிறது. சொட்டுவது நின்றாலும் சுவர் கெட்டுவிடுகிறது.

எதற்கும் முன்னால் மின்சாரத்தைக் கவனியுங்கள். ஃபேனிலிருந்து தண்ணீர் சொட்டினால் ஈரக் கையோடு அதன் சுவிட்சைத் தொடாதீர்கள். மீட்டர் போர்டுக்குப் போய் அந்த அறைக்கான எம்சிபியை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது என்பதற்குக் காரணம் உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்சை ஃபேஸ் வயருக்குப் பதிலாக நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாரில் மின்சாரம் நிற்கும். இரும்புச் சட்ட ஃபேனாக இருந்து எர்த் இணைப்பும் இல்லையென்றால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிராபத்து. 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், ஒழுகலைச் சரிசெய்வதற்கு முன்பே அதைப் போடச் சொல்லுங்கள். நனைந்த ஃபேனை, மழை விட்டதும் போட்டுப் பார்க்கவும் கூடாது. நன்றாகக் காயவிட்டு, எலக்ட்ரீஷியன் மெகர் கருவியால் மோட்டாரின் இன்சுலேஷனை அளக்கட்டும். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அந்த மோட்டார் இனி வேண்டாம்.

எப்போது சொட்டுகிறது?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அது வரும் நேரமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதல் வேலை, ஒரு நோட்டில் நாலு விஷயங்களை எழுதிவைப்பது: எந்த நேரம் சொட்டியது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மழை தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துச் சொட்டியது, மழை விட்ட பிறகு எவ்வளவு நேரம் தொடர்ந்தது. கொத்தனார் வரும்போது இந்த நாலு வரி அவருக்குப் பெரிய உதவி.

சாரல் அடித்த உடனே, ஓரிரு நிமிடத்தில், ஃபேனின் றெக்கைகளிலும் ஜாலியிலும் துளிகள் தெறித்தால் மழை நேராக வாய்வழியே வருகிறது என்று பொருள். இதில் சுவருக்குப் பங்கில்லை. வெளியே மூடி இல்லை, அல்லது இருக்கும் மூடி போதவில்லை.

மழை தொடங்கிக் கால்மணி, அரைமணி கழித்து, ஃபேன் சட்டத்தின் மேல் விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரே இடத்தில் நீர்க்கோடு இறங்கினால், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்து திறந்திருக்கிறது. அல்லது ஃபேனுக்கு மேலே எங்கோ ஒரு விரிசலில் நுழைந்த தண்ணீர் உள்ளுக்குள் இறங்கிவந்து இங்கே வெளிப்படுகிறது. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகும் விடாமல் சொட்டினால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். நனைந்த செங்கல்லும் பூச்சும் குடித்த தண்ணீரை மெதுவாகத்தான் விடும்.

மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்வீட்டுக் குளியலறையின் தரையையோ குழாயையோ பார்க்க வேண்டும். கறை கூரைத்தளத்தில் தொடங்கி ஃபேனை நோக்கி இறங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மேல்வீட்டாரிடம் பேசி, ஒரு வெள்ளைத்துண்டைக் கசிவின் அடியில் ஒட்டிவைத்துவிட்டு, அவர்கள் தரையின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் கொஞ்சம் துணி நீலம் கலந்துவிட்டால் வீண் வாக்குவாதம் மிச்சம்.

வெந்நீரில் குளித்த பிறகு மட்டும் சொட்டினால் அது ஆவி குளிர்ந்த தண்ணீர். சமவெளியில் ஒன்பது அங்குலச் சுவரில் நேராகப் பதித்த ஃபேனில் இது அரிது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் மார்கழிக் குளிரில் ஃபேனின் வெளிக்குழாய் சில்லென்று இருக்கும். குளியலறை ஆவி அதில் பட்டதும் துளியாகி, குழாய் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் நேரே தலையில் விழும். சமவெளியிலும் இப்போது ஒரு புது வகை வந்திருக்கிறது. சில அடுக்குமாடி வீடுகளில் எக்ஸாஸ்ட் குழாயைப் பக்கத்துப் படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங் வழியாக வெளியே கொண்டுபோகிறார்கள். ஏசி போட்ட அந்த அறையில் குழாய் குளிர்கிறது. மழைநாளில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீர்க்கோர்க்கிறது. மழைநாளில் மட்டும் வருவதால் இதையும் மழை ஒழுகல் என்றே நினைத்துக்கொள்வார்கள். அந்தக் குழாய்மேல் ஏசிக் குழாய்க்குச் சுற்றுவதுபோல் கறுப்பு நுரை உறை சுற்றி, குளித்த பிறகு கால்மணி நேரமாவது ஃபேனை ஓடவிட்டால் இது நின்றுவிடும்.

சன்ஷேட் இருந்தும் ஏன் நனைகிறது?

வென்டிலேட்டருக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேட் இருக்கிறதே, அப்படியும் எப்படித் தண்ணீர் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை காற்றில் இருக்கிறது.

இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய ஆறரை மீட்டர் வேகத்தில் கீழே விழுகிறது. காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், அதே நொடியில் அந்தத் துளி பக்கவாட்டில் 16 மீட்டருக்கும் மேல் போகிறது. ஓரடி இறங்குவதற்குள் இரண்டரை அடி உள்ளே வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒன்றரை அடி சன்ஷேட் தனக்குக் கீழே ஏழு அங்குலத்தை மட்டும்தான் காக்கும். உங்கள் ஃபேன் எட்டு அங்குல ஃபேன். அதன் சட்டத்தோடு சேர்த்தால் பத்து அங்குலத்துக்கு மேல். அதிலும் வென்டிலேட்டரின் அடிப்பாகத்தில் பொருத்தியிருந்தால் அந்த மழைக்கு சன்ஷேட் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

காற்று துளியைச் சாய்ப்பதோடு நிற்பதில்லை. தண்ணீரைத் தள்ளவும் செய்கிறது. 60 கிலோமீட்டர் காற்று சுவரில் நேராக மோதும்போது சுமார் 170 பாஸ்கல் அழுத்தம் உண்டாகிறது. தண்ணீரை 17 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏற்றித் தள்ள அது போதும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 கிலோமீட்டர் காற்றில் இது 47 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். சட்டத்தின் அடியில் அரை அங்குலத் தடுப்பு வைத்துவிட்டு, தண்ணீர் மேலேறி வராது என்று நம்பியிருக்கும் வீடுகள் புயல்நாளில் நனைவது இதனால்தான்.

மழை பெய்யும்போது ஃபேனை ஓடவிட்டால் தண்ணீரை வெளியே தள்ளிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே விழுந்துவிடுகிறது. வீட்டுக் குளியலறைகளில் போடும் ஆறு, எட்டு அங்குல ஃபேன்கள் தரும் அழுத்தம் இந்தக் காற்றுக்கு முன்னால் மிகச் சிறியது. ஓடும்போது பின்பக்க ஷட்டர் பட்டைகளும் திறந்துகொள்வதால் மழைக்கு வாசல் திறந்துவிட்டது போலாகும். பலத்த மழையில் ஃபேனை அணைத்துவைப்பதே சரி.

எந்தச் சுவர் நனையும் என்பது ஊரையும் பருவத்தையும் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடலோரத்து வீடுகளின் வடக்கு, கிழக்குச் சுவர்கள் அடிவாங்கும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் சென்னைக்கு இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும்; அப்போது மேற்குச் சுவர் ஃபேன் சொட்டும். கூடலூர், வால்பாறை வீடுகளுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றுதான் சோதனை. புயல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது, முற்பகுதியில் ஒரு பக்கமிருந்து வீசிய காற்று, மையம் கடந்த பிறகு எதிர்ப்பக்கமிருந்து திரும்பி அடித்தது. வருடக்கணக்காக ஒழுகாத ஃபேன் ஒரு நாள் மட்டும் ஒழுகினால், வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது, சுவரை உடைக்க வேண்டாம். ஒரு நல்ல மூடி போதும்.

குழாய்த் தண்ணீர் வைத்துச் சோதிப்பது

நோட்டில் எழுதியதை வைத்து ஒரு சந்தேகம் உருவாகியிருக்கும். அதை உறுதிசெய்ய மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாளில், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் ஒன்று போதும். எம்சிபியை இறக்கிவிட்டு ஃபேனின் வயரைக் கழற்றிவிடுங்கள். வெளியே ஒருவர் ஓஸோடு நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி உள்பக்கம் மெல்லிய டிஷ்யூ தாளைச் செருகிவைத்தால் எந்த இடம் முதலில் நனைகிறது என்று பளிச்சென்று தெரியும்.

எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான்: கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே தண்ணீர் விட்டால் அது வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் ஃபேனின் அடிவிளிம்புக்குக் கீழே உள்ள சுவரில் மட்டும் பத்து நிமிடம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அடிவிளிம்பில் பத்து நிமிடம். பிறகு இடது பக்கச் சந்து, வலது பக்கச் சந்து, மேல் சந்து. அதற்குப் பிறகு சன்ஷேட் சுவரில் சேரும் இடம். அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியும் விரிசல்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக நேரம் கொடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாதீர்கள். சுவரில் மெல்ல வழியவிட்டாலே போதும். ஃபேனின் வாயை எல்லாவற்றுக்கும் கடைசியில், சாரல் விழுவதுபோல் தெளித்துப் பாருங்கள்.

வயர் நுழையும் துளையை மறந்துவிடாதீர்கள். சில வீடுகளில் ஃபேனுக்கான வயர் வெளிச்சுவர் வழியாக வந்து சட்டத்தின் ஓரமாக உள்ளே நுழையும். மேலிருந்து சரிந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் இறங்கி, நேராக இணைப்புப் பெட்டிக்குள் போய்விடும். நுழையும் இடத்துக்குச் சற்று முன் வயரைக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட்டால், தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப்போகும். செலவே இல்லாத வேலை இது.

மாடி வீடுகளில் வெளியே நின்று ஓஸ் பிடிக்க முடியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பிடிக்கவோ, சன்ஷேட் மேல் இறங்கவோ முயல வேண்டாம். மொட்டை மாடியிலிருந்து ஓஸை இறக்கித் தண்ணீரை வழியவிடலாம். அதில் மேலிருந்து கீழே என்ற வரிசைதான் கிடைக்கும் என்றாலும், சுவர் நனைந்தால் ஒழுகுகிறதா என்ற கேள்விக்காவது விடை வரும். மற்றதைச் சாரமோ முறையான பாதுகாப்புக் கயிறோ கட்டி வேலைசெய்யும் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். வெளிச்சுவர் குடியிருப்புக்கே பொது என்பதால் சங்கத்திடமும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு மேலும் கீழும் உள்ள வீடுகளிலும் இதே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சாரத்தில் எல்லாருக்கும் வேலை முடிந்துவிடும்.

ஃபேன் வெளிச்சுவருக்குப் பதிலாக, கட்டடத்தின் நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் ஓ.டி.எஸ். இடைவெளியில் திறந்தால் காற்றின் வேகம் குறைவு. அங்கே குற்றவாளி வேறு. மேல்மாடிகளின் கழிவுக் குழாய் இணைப்பு ஏதாவது கசிந்து, அந்தத் தண்ணீர் உங்கள் ஃபேன் மூடிமேல் விழுந்து தெறிக்கலாம். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாய் இலைதழைகளால் அடைபட்டு, தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவர் ஓரமாக அந்த இடைவெளிக்குள் இறங்கலாம். கழிவுக் குழாயின் மேல்முனை, காற்றுக்காக மொட்டை மாடியில் நீட்டி நிற்குமே, அது தளத்தைத் துளைத்துவரும் இடத்திலும் விரிசல் விழும். டார்ச்சோடு மாடிக்குப் போய் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வந்த பிறகு ஃபேனைத் தொடுங்கள்.

சரிசெய்யும் முறை

ஃபேன் சட்டத்தைச் சுற்றியுள்ள சந்தில்தான் பெரும்பாலான ஒழுகல் இருக்கிறது. வீடு கட்டும்போது வென்டிலேட்டர் இடத்தில் ஃபேனை வைத்து, சுற்றிலும் சிமென்ட் கலவையை அப்பி முடித்திருப்பார்கள். பிளாஸ்டிக்கிலோ பெயின்ட் அடித்த தகரத்திலோ சிமென்ட் உண்மையில் பிடிப்பதே இல்லை. காயும்போது சிமென்ட் சுருங்கும். அதற்குமேல் மோட்டார் ஓடும் ஒவ்வொரு முறையும் சட்டம் லேசாக அதிரும். சில மாதங்களில் தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இந்தச் சந்தை மறுபடி சிமென்ட்டால் அடைத்தால் மறுபடி விடும். இங்கே இழுபடக்கூடிய பொருள்தான் வேண்டும்.

ஃபேனைக் கழற்றிவிட்டு, துளையின் நாலு பக்கத்தையும் உளியால் கொத்திச் சுத்தம்செய்யச் சொல்லுங்கள். பழைய சிலிக்கான் ஒரு துணுக்கு இருந்தாலும் புதியது ஒட்டாது. பிறகு அடிப்பாகத்தில் புதுக்கலவை போட்டு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்கு உள்விளிம்பைவிட வெளிவிளிம்பு அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் நல்லது. இது ஒன்றுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நான் பார்த்த ஒழுகல் வீடுகளில் அடிப்பாகம் மட்டமாகவோ, இன்னும் மோசமாக உள்பக்கம் சாய்ந்தோதான் இருந்தது. கொத்தனார் போன பிறகு பார்க்காமல், கலவை ஈரமாக இருக்கும்போதே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது மறுநாளைக்கு.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ஃபேன் சட்டத்தைத் துளையில் உட்காரவைத்து, அதற்கும் சுவருக்கும் இடையே கால் அங்குலம் விட்டுத் திருகாணியால் பொருத்த வேண்டும். அந்தக் கால் அங்குலத்தில் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் வெளிப்பக்கமாக சீலன்ட் போட வேண்டும். பேக்கர் ராட் என்று கேட்டால் கடையில் அந்தக் கயிறு கிடைக்கும். சந்தின் அகலத்தில் பாதி அளவு ஆழம் சீலன்ட்டுக்குப் போதும். ஆழமாக அடைத்தால் வலு கூடும் என்று நினைப்பது தவறு. தடித்த சீலன்ட் இழுபடாமல் ஓரத்தில் விட்டுவிடும்.

எந்த சீலன்ட் என்பதும் முக்கியம். டியூபைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடித்தால் அது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் உரிய சிலிக்கான். சிமென்ட்டின் காரத்தன்மையோடு அது ஒத்துப்போகாது, சீக்கிரம் உரிந்துவரும். கடையில் நியூட்ரல் சிலிக்கான் என்றோ பி.யூ. சீலன்ட் என்றோ கேட்டு வாங்குங்கள். சிலிக்கான்மேல் பெயின்ட் பிடிக்காது, பி.யூ.மேல் பிடிக்கும். வெளிச்சுவருக்கு நான் பி.யூ.வையே சொல்வேன்.

மேல், இடது, வலது மூன்று பக்கமும் முழுதாக அடைத்துவிடுங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் இரண்டு இடங்களில் விரல்நுனி அளவு இடைவெளி விட்டுவிடுங்கள். சீலன்ட் போடுபவர் அதையும் அடைத்துத்தான் தருவேன் என்று அடம்பிடிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே வரும் தண்ணீர் வாட்டத்தில் ஓடி அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

இனி வெளி மூடி. கடைகளில் கிடைக்கும் தட்டையான லூவர் பட்டைகள் செங்குத்தாக விழும் மழையைத் தடுக்கும். சாய்ந்துவரும் சாரலை முழுதும் தடுக்காது. காற்றில் படபடத்துத் திறக்கவும் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்ட பட்டைகளை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அவை ஒழுங்காக மூடும். காற்று நேராக அடிக்கும் சுவரில் பட்டையோடு நிறுத்தாமல், மேலேயும் இரு பக்கமும் மூடி, அடியில் மட்டும் திறந்திருக்கும் பெட்டி மூடி போட வேண்டும். அலுமினியத் தகட்டிலோ ஃபைபரிலோ செய்து தருவார்கள். அதன் முன்பலகை துளையின் அடிவிளிம்புக்கும் கீழே குறைந்தது இரண்டு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். மேலே சொன்ன 47 மில்லிமீட்டர் கணக்கு இங்கேதான் பயன்படுகிறது. மூடியின் அடித்திறப்பு ஃபேன் வாயின் பரப்பைவிடச் சிறிதாக இருந்தால் காற்று வெளியேறாமல் திணறும். கொஞ்சம் பெரிதாகவே செய்யச் சொல்லுங்கள்.

நாலு அங்குல பி.வி.சி. குழாய் வழியாகக் காற்று வெளியேறும் வீடுகளில் மூன்றைக் கவனித்தால் போதும். குழாய் வெளிநோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அதன் முனை சுவரிலிருந்து ஓரிரு அங்குலம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். சுவரோடு மட்டமாக அறுத்துவிட்டால் சுவரில் வழியும் தண்ணீர் அப்படியே குழாய்க்குள் திரும்பும். முனையில் கீழ்நோக்கிப் பார்க்கும் முழங்கை ஒன்றை மாட்ட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் நெளியும் அலுமினியக் குழாய் இருந்தால் அது நடுவில் தொங்கித் தொட்டில்போல் தண்ணீரைத் தேக்கும். அதை இழுத்துக் கட்டவும், முடிந்தால் பி.வி.சி.க்கு மாற்றவும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. புறாவும் அணிலும் எக்ஸாஸ்ட் துளையில் கூடு கட்டும். கூட்டிலுள்ள நாரும் பஞ்சும் மழையைக் குடித்துவைத்து, மழை விட்ட பிறகு நாள்கணக்கில் சொட்டும். ஒழுகலுக்குக் காரணம் தேடி அலைந்தவர்கள் கடைசியில் ஒரு பிடி நாரை வெளியே எடுத்ததும் உண்டு. குஞ்சு இருந்தால் பறந்துபோகும்வரை காத்திருங்கள். பிறகு கால் அங்குலக் கண் உள்ள வலையை வெளிமுனையில் கட்டுங்கள். கொசுவலை கட்ட வேண்டாம். தூசி படிந்து அடைத்துக்கொள்ளும், ஃபேன் ஓடியும் ஈரம் போகாது.

வென்டிலேட்டர் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் தெரிந்தால் மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். அந்த விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவத்தில் கொத்தி அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பி, காய்ந்த பிறகு இழுபடும் தன்மையுள்ள வெளிச்சுவர் பெயின்ட் அடிக்க வேண்டும். சன்ஷேட் சுவரில் சேரும் மூலையில் கலவையால் சரிவாக ஒரு குழைவு கொடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் தேங்காது. சன்ஷேடின் அடியில், வெளிவிளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விளிம்பில் வந்த தண்ணீர் சொட்டாமல் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை வந்துவிடும். கோடு இல்லாத சன்ஷேடில், ஒரு சின்ன அலுமினிய எல் பட்டையை விளிம்பில் சீலன்ட்டும் திருகாணியும் வைத்து ஒட்டிவிட்டாலும் அதே பலன்தான்.

மழை நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த வேலைகளைத் தொடங்க முடியாது. ஈரச் சுவரில் எந்த சீலன்ட்டும் நிற்காது. கைக்கு எட்டும் உயரமாக இருந்து, வெளியே பாதுகாப்பாக நிற்க முடிந்தால், தடித்த பாலித்தீன் தாளை ஃபேனுக்கு மேலும் பக்கங்களிலும் ஒட்டி, அடியில் திறந்து தொங்கவிடுங்கள். முழுதாக டேப் போட்டு மூடிவிடாதீர்கள். குளியலறை ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே வாரத்தில் கூரையில் கரும்பூஞ்சை படரும். உள்ளே ஒரு வாளி வையுங்கள். எம்சிபி இறக்கியே இருக்கட்டும். எந்த இடத்தில் முதல் துளி தெரிந்தது என்று பென்சிலால் சுவரில் குறித்துவிட்டு, கைபேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்த பிறகு அந்தக் குறி இல்லாமல் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, அதன் பிறகு காயவிட வேண்டும். சீலன்ட் ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறுகும். பெயின்ட்டுக்கும் காய்ந்த நாட்கள் வேண்டும். எல்லாம் சேர்த்தால் மூன்று வாரம் மழையில்லாத நாட்கள் தேவை. கிழக்குக் கடலோரத்தில் அது மாசி முதல் வைகாசி வரை பெரும்பாலும் கிடைக்கும். புரட்டாசியில் கொத்தனார் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் மழை முந்திக்கொள்ளும். பொங்கல் கழிந்ததும் பேசி நாள் குறித்துவிடுங்கள்.